மடியும் சட்டைக் கையும்

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா நடக்கிற எட்டு நாளும் அந்த ஊருக்கு ராத்திரி என்பதே கிடையாது. முல்லையாற்றில் முங்கி எழுந்து அக்கினிச் சட்டி ஏந்தி வருகிறவர்கள் ஒரு பக்கம், ராட்டினமும் மரணக்கிணறும் மிட்டாய்க் கடையும் இன்னொரு பக்கம். நான் எட்டாவது படித்த வருஷம் அங்கே தகரத் தடுப்பு வைத்து ஒரு மேஜிக் கொட்டகை போட்டிருந்தார்கள். சித்திரை வெக்கையில் கறுப்புக் கோட்டு போட்ட மனிதர் ஒருவர், கழுத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துத் துடைத்து வித்தை காட்டினார். ஒரு ரூபாய்க் காசைக் கையில் வைத்து ஊதினார், காசு மறைந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கோட்டுக் கைக்குள்ள போயிருச்சுடா!" கொட்டகையே சிரித்தது.

அவர் கோபப்படவில்லை. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை நிதானமாக மடித்துவிட்டார். மறுபடி ஊதினார். காசு மறுபடியும் மறைந்தது. முதல் தடவை விழாத கைதட்டல் இப்போது விழுந்தது. குரல் கொடுத்தவனும் சேர்ந்து தட்டினான்.

வித்தைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுத்தான் வித்தை காட்ட வேண்டுமா? அந்தக் கைதட்டலைக் கேட்டவர்கள் யோசிக்காமல் ஆமாம் என்பார்கள். மேஜிக் தொழிலில் இருப்பவர்கள் நடுவில் இது நூறு வருஷத்துக்கு மேலாக இழுபடுகிற வழக்கு. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. மூன்றாவதாக ஒரு தரப்பு உண்டு, அதை யாரும் கூப்பிடுவதில்லை. அது நம்முடைய தரப்பு.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவன் சட்டைக் கையை மடித்துவிட்டால் அதற்கு இரண்டே அர்த்தம். ஒன்று, சண்டைக்கு வருகிறான். இல்லையென்றால் கல்யாண வீட்டில் சாம்பார் வாளியைத் தூக்கப் போகிறான். 'என்னிடம் ஒளிவுமறைவு இல்லை' என்று சொல்வதற்கு அவன் சட்டைக் கையைத் தொடுவதில்லை. அவனுடைய பேச்சில் ஒளிக்கிற இடம் மடி. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பதுதான் இங்கே புழங்கும் சொல். வெற்றிலை, சுருட்டு, ஆடு விற்ற பணம் எல்லாம் வேட்டி மடிப்புக்குள் போய் வந்தன. சேலைக்கு முந்தானை முடிச்சு, பாட்டிக்குச் சுருக்குப் பை. சட்டையே போடாத ஊரில் சட்டைக் கையை யார் சந்தேகப்படுவார்கள்? இங்கிலீஷ்காரன் கையைப் பார்த்தான், நம் ஆள் மடியைப் பார்த்தான்.

நம்முடைய பழைய வித்தைக்காரரும் வெற்றுக் கையோடு வந்தவர்தான். செப்பிடு வித்தை என்ற பெயரே அவருடைய கருவியைச் சொல்கிறது. செப்பு என்பது கிண்ணம் போன்ற சிறு மூடி. அதன் தலையில் ஒரு குமிழ் இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவே குமிழைப் பிடித்துத் தூக்கினால், மற்ற விரல்களின் இடுக்கில் துணி உருண்டை ஒன்று இருப்பது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. மேஜை கிடையாது, மேடை கிடையாது. தரையில் சம்மணம் போட்டு, முன்னால் செப்புகளையும் பக்கத்தில் மூட்டையையும் வைத்துக்கொண்டு, சுற்றிலும் ஆள் நிற்க ஆடுகிற ஆட்டம் அது. மலைக்கு அந்தப் பக்கம், குமுளி தாண்டிக் கேரளத்துக்குள் போனால், இதையே செப்பும் பந்தும் என்பார்கள். கைத்திறனுக்கு அங்கே கையடக்கம் என்று அழகான பெயர்.

இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் நம் தெருவித்தையைப் பற்றி எழுதியவற்றைப் படித்தால் ஒரே ஆச்சரியம் திரும்பத் திரும்ப வரும்: இவன் இடுப்பில் ஒரு துணியைத் தவிர வேறு உடுப்பு இல்லை, பின் எங்கே ஒளிக்கிறான்? அவர்கள் ஊரில் ஒளிக்கிற இடம் சட்டைக் கை. அது இல்லை என்றவுடன் திகைத்துப்போனார்கள். மடி, மூட்டை, சம்மணமிட்ட தொடையின் இடுக்கு ஆகிய மூன்றும் கண்ணெதிரே இருந்தும் அவர்கள் கண்ணில் படவில்லை. வெற்றுக் கை அவர்களுக்குப் போதுமான சாட்சியாகிவிட்டது. நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் அங்கே நின்றிருந்தால், "தம்பி, கொஞ்சம் எந்திரிச்சு நின்னு காட்டுப்பா" என்றிருப்பார்.

1810களில் சென்னைப் பக்கத்திலிருந்து லண்டன் போய்ப் புகழ்பெற்றவர் ராமசாமி. அங்கே அவர் பெயர் ராமோ சாமி. செப்பும் உருண்டையும் காட்டினார், வாள் விழுங்கினார், பாசிமணியையும் குதிரை மயிரையும் தனித்தனியாக வாயில் போட்டு, கோத்த மாலையாக வெளியே எடுத்தார். ஆங்கிலக் கட்டுரையாளர் ஹாஸ்லிட் 1821இல் இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இவரைப் பார்த்து எழுதியது என்பதே பொதுவான கருத்து. 1850இல் அவர் லண்டனில் இறந்தபோது அடக்கச் செலவுக்குப் பணமில்லாமல் மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்க வேண்டியிருந்தது. தொழில் அன்றும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

அதே காலத்தில் மதராசில் நேரெதிரான ஒருவர் இருந்தார். சேஷால் என்று வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த பிராமணர், 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆகாயத்தில் உட்கார்ந்து காட்டினார். கீழே ஒரு சிறு பலகை, அதில் செருகிய மூங்கில் கழி, கழியின் தலையில் சுருட்டிய மான் தோல். அந்தத் தோலின் மேல் ஒரு கையை வைத்தபடி, தரைக்கு மேலே சம்மணமிட்டு ஜபமாலை உருட்டினார். லண்டனின் சாட்டர்டே மேகசின் 1832இல் படம் போட்டு வெளியிட்டது. உட்காரும் முன்பும் எழும் முன்பும் போர்வை பிடித்து மறைத்துக்கொண்டார்கள். இதற்கு அறிந்தவர்கள் தருகிற விளக்கம் சுருக்கமானது. இரும்புக் கம்பி ஒன்று மூங்கிலுக்குள்ளிருந்து மான் தோல் வழியாக அவருடைய சட்டைக் கைக்குள் நுழைந்து, உடம்பு வழியே இறங்கி, கீழே ஒரு இருக்கையாக வளைந்திருந்தது. அவரைச் சட்டைக் கையை மடிக்கச் சொல்லியிருந்தால் வித்தையே கிடையாது. அவருக்குச் சட்டைக் கை உடுப்பில் சேர்த்தி இல்லை, வித்தையின் தூண். இன்று மெரினாவிலும் ஐரோப்பியச் சதுக்கங்களிலும் கம்பைப் பிடித்தபடி அந்தரத்தில் உட்கார்ந்து காசு வாங்குகிறவர்கள் எல்லோரும் அந்த மதராஸ்காரரின் வாரிசுகள்தான். அவர்களில் ஒருவரும் அரைக்கைச் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை.

இனி கோட்டுக்கு வருவோம். பாரிஸில் ராபர்ட்-ஊதான் 1845இல் தன் அரங்கைத் திறந்தபோது, தொளதொளத்த மந்திரவாதி அங்கியைத் தள்ளிவிட்டு, பார்க்க வருகிற கனவான்கள் அணிகிற அதே உடுப்பில் மேடையேறினார். ஏமாற்ற என்று தனி உடுப்பு எனக்கில்லை, உங்களைப் போலத்தான் நானும் என்பது அதன் உட்பொருள். அவருக்கு முந்திய இத்தாலியக்காரர் பொஸ்கோ அதையும் தாண்டியவர், கையை வெளியே காட்டும் உடுப்பில்தான் கிண்ணமும் பந்தும் ஆடினார். இந்த வழக்கு பழையது என்று நான் சொன்னது இதனால்தான்.

ஆனால் கோட்டு வந்ததும் கோட்டின் கையும் வேலை செய்யத் தொடங்கியது. ரப்பர் கயிறு, காசை உள்ளே சுண்டுவது, கைக்குட்டையை உறிஞ்சும் குழாய் என்று ஒரு பட்டறையே அதற்குள் குடியேறியது. பறவைக் கூண்டு மறையும் வித்தையைச் சொல்லலாம். 1870களில் புவாத்தியே த கோல்டா உண்டாக்கியது. இரண்டு கைக்கு நடுவே பிடித்த கூண்டு, உள்ளே கேனரிக் குருவியோடு, கண் இமைப்பதற்குள் இல்லாமல் போகும். கூண்டு மடங்கிக் கைக்குள் பாய்வதுதான் சூட்சுமம். நூறு வருஷத்துக்கு மேல் ஊரறிந்த ரகசியம் என்பதால், இதைச் சொல்லி யார் வயிற்றிலும் அடிக்கவில்லை. குருவி ஒவ்வொரு முறையும் நசுங்கிச் சாகிறது என்று புகார் கிளம்ப, 1921இல் கார்ல் ஹெர்ட்ஸ் என்ற வித்தைக்காரர் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் கூண்டை மறைத்துக் காட்டி, பிறகு குருவியை உயிரோடு காட்டினார். ஒரு சட்டைக் கைக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நாடாளுமன்றமே விசாரித்த கதை இது.

சூதாட்டக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1888இல் சான்பிரான்சிஸ்கோவில் கெப்ளிங்கர் என்பவர் சீட்டாட்டத்தில் ஓயாமல் ஜெயித்தார். சந்தேகப்பட்ட கூட்டாளிகள் ஒருநாள் அவரை அமுக்கிப் பிடித்து, சட்டைக் கையைச் சோதித்தார்கள். முழங்காலை அகட்டினால் சீட்டு வெளியே வரும், சேர்த்தால் உள்ளே போகும் ஒரு இயந்திரம் கிடைத்தது. அவர்கள் போலீசுக்குப் போகவில்லை. எங்களுக்கும் இதே மாதிரி செய்து கொடு என்றார்கள்! நம் திருவிழாக்களில் மூணு சீட்டு விரிக்கிறவருக்கு இந்த இழவெல்லாம் தேவையே இல்லை. தொடை தெரிய லுங்கியை மடித்துக் கட்டி, சட்டையில் மூன்று பொத்தானைத் திறந்துபோட்டுத்தான் உட்காருவார். ஒளிக்க அவரிடம் ஒன்றுமில்லை. சீட்டு எறிகிற லாவகம் ஒன்று, கூட்டத்தில் நிற்கிற தன் ஆட்கள் இரண்டு பேர், அவ்வளவுதான் முதலீடு.

மடிக்க வேண்டும் என்கிற தரப்பின் வாதத்துக்கு நல்ல வக்கீல் ஸ்பெயின் நாட்டு ஹுவான் தமாரிஸ். பார்க்கிறவர் மனத்தில் எழுகிற ஒவ்வொரு தப்பான விடையையும் வித்தைக்காரர் அடைத்துக்கொண்டே போக வேண்டும் என்பது அவர் எழுதிவைத்த கொள்கை. ஒரு வழி திறந்திருந்தாலும் மனம் அதற்குள் புகுந்து, 'எனக்குத் தெரிந்துவிட்டது' என்று உட்கார்ந்துவிடும். அந்த விடை சரியா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. சட்டைக் கை அப்படி ஒரு திறந்த வழி. வீரபாண்டியில் குரல் கொடுத்தவன் உண்மையைக் கண்டுபிடிக்கவில்லை, ஆனாலும் அந்தக் குரலோடு வித்தை செத்துவிட்டது. ஹூடினி தன் கடைசி ஆண்டுகளில், பிய்த்தால் கையோடு வருகிற மாதிரி தைத்த கோட்டைப் போட்டு வந்து, நிகழ்ச்சித் தொடக்கத்திலேயே கைகளைப் பிய்த்து எறிந்தார். 1997இல் டேவிட் பிளெய்ன் டீ-சர்ட்டோடு தெருவில் நின்று தொலைக்காட்சியில் வித்தை காட்டினார். அதற்குப் பிறகு இளைஞர்கள் பலர் கோட்டையே மறந்துபோனார்கள்.

மடிக்க வேண்டாம் என்பவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். கேட்காத சந்தேகத்துக்குப் பதில் சொல்லப்போனால் இல்லாத சந்தேகமும் முளைக்கும். 'என் சட்டைக் கையில் ஒன்றுமில்லை பாருங்கள்' என்று ஒருவர் தொடங்கினால், அதுவரை விரலைப் பார்த்தவன்கூட, சரி, வேறெங்கோ இருக்கிறது என்று தேடத் தொடங்குகிறான். பார்க்க வந்தவன் துப்பறிய உட்கார்ந்துவிடுகிறான். அது போட்டியாகி, வித்தை தோற்கிறது. உடுப்பும் ஒரு கதை சொல்கிறது. பி.சி. சர்க்கார் தலைப்பாகையும் மகாராஜா உடுப்புமாக உலகம் சுற்றினார். 1956 ஏப்ரலில் பிபிசியில் அவர் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்த காட்சியைப் பார்த்து, பதறிப்போய் ஜனங்கள் தொலைபேசிக்கு ஓடினார்கள். அவரைக் கையை மடியுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ராஜா சட்டைக் கையை மடிப்பாரா? அர்ஜென்டினாவின் ரெனே லவாந்த் ஒன்பது வயதில் விபத்தில் வலது கையை இழந்தவர். ஒரே கையால், வேண்டுமென்றே நிதானமாக, சீட்டு வித்தை காட்டினார். இதைவிட மெதுவாக முடியாது என்று சொல்லிச் சொல்லியே அசரவைத்தார். அவர் முன்னால் சட்டைக் கை என்ற பேச்சே வாயில் வராது.

எனக்கு இந்த விஷயத்தில் கண் திறந்தது சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவில். வித்தை காட்ட வந்தவரிடம் விழா முடிந்ததும் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். வீரபாண்டிக் கதையைச் சொன்னேன். சிரித்தார். "சார், சட்டைக் கைய மடிக்கிறப்ப என் கை எங்க போகுது?" என்றார். எதிர்க் கையின் முழங்கைக்குப் போகிறது. "ஏன் போகுதுன்னு யாராச்சும் கேப்பாங்களா?" கேட்க மாட்டார்கள். அவர் மடித்துக் காட்டினார். மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு பை. காசை அதில் போடவும் செய்யலாம், அதிலிருந்து எடுக்கவும் செய்யலாம். இரண்டு கையும் பட்டப்பகலில், எல்லோர் சம்மதத்தோடும், ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள இதைவிட நல்ல சாக்கு வேறில்லை. நேர்மையைக் காட்டுகிற சைகைதான் களவுக்கு வசதியான நேரம்.

ஆக, நடு நிகழ்ச்சியில் மடிப்பதும் வித்தையின் ஒரு பகுதியே. அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறவன் ஏமாந்தவன்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் துண்டுக்கடியில் ஏதோ நடக்கிறது என்று தெரியும். என்ன நடக்கிறது என்று தெரியாது. அதில் யாரும் அவமானப்படுவதில்லை, தொழில் மரியாதை என்று விட்டுவிடுகிறார்கள். வித்தைக்காரர் விஷயத்திலும் நமக்கு அந்தப் பெருந்தன்மை இருந்தது. கோட்டு வந்த பிறகுதான், கோட்டோடு சேர்ந்து கோட்டைப் பற்றிய சந்தேகமும் வந்து சேர்ந்தது. மலைக்கு இந்தப் பக்கத்து வெயிலில் கம்பளிக் கோட்டு போடுவதே ஒரு தண்டனை. அதைப் போட்டுக்கொண்டு, போட்டதற்கு மன்னிப்புக் கேட்பது போலக் கழற்றிக் கையை மடிப்பது இரட்டைத் தண்டனை. இங்கே ஆடுகிறவர்களுக்கு என் யோசனை, முதலிலேயே அரைக்கைச் சட்டையோடு வாருங்கள், அதைப் பற்றி வாயே திறக்காதீர்கள். ராஜா வேஷம் போட்டால் ராஜாவாகவே இருங்கள். மேடையில் பத்தடி தள்ளி நின்று பெட்டி வித்தை காட்டுகிறவருக்கு இந்தக் கேள்வி பொருந்தவே பொருந்தாது. காசு, சீட்டு, செப்பு என்று கைக்கெட்டும் தூரத்தில் ஆடுகிறவருக்குத்தான் இது கேள்வி, அவருக்கு வெற்றுக் கை அழகு.

ஆனால் தன்னை வித்தைக்காரர் என்று சொல்லிக்கொள்ளாமலே வித்தை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டைக் கைக் கேள்வி நிஜமாகவே உயிர் பெறுவது அவர்களிடம்தான்.

பேருந்து நிலையத்தில் பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடுவதாகச் சொல்லிக் கடைசிவரை விடாத மோடி மஸ்தானை நாற்பது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூட்டம் சேர்க்கத்தான் வித்தை, விற்பது தாயத்து. வெற்று மார்போடுகூட நின்றிருப்பார். அவர் சின்ன மீன். வெறுங்கையில் விபூதி வரவழைப்பதாகச் சொல்கிறவர்கள் பெரிய மீன்கள். கோவை போத்தனூரில் வாழ்ந்த பசவ பிரேமானந்த் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தார். விபூதியை அரிசிக் கஞ்சியில் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டிக் காயவைத்து, கட்டைவிரல் இடுக்கில் வைத்துக்கொண்டு, கையைச் சுழற்றும்போது நொறுக்கினால் உதிரும் என்று ஊர் ஊராகச் செய்துகாட்டினார். புட்டபர்த்தி சத்ய சாய் பாபா காட்டியதும் கைத்திறன்தான் என்பது அவர் கடைசிவரை விடாத வாதம், பக்தர்கள் அதை ஏற்கவில்லை. பாபா காற்றிலிருந்து தங்கச் சங்கிலி வரவழைப்பதாகச் சொல்லப்பட்டபோது, அனுமதியில்லாமல் தங்கம் உற்பத்தி செய்வது தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு விரோதம் என்று 1986இல் வழக்கே போட்டார். தள்ளுபடியானது. ஆனாலும் என்ன ஒரு வழக்கு! 2009இல் பிரேமானந்த் போத்தனூரிலேயே காலமானார்.

அவருக்கு வழிகாட்டி இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்தவர். மோசடிக்கு இடமில்லாத நிபந்தனைகளில் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை பணம் அவரிடமே இருந்தது. பெங்களூர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் எச். நரசிம்மையா 1976இல் அற்புதங்களை ஆராய ஒரு குழு அமைத்து, சோதனைக்கு உட்படுமாறு சாய் பாபாவுக்குக் கடிதங்கள் எழுதினார். சோதனை நடக்கவே இல்லை. தமிழ்நாட்டில் திராவிடர் கழகத்தார் 'மந்திரமா தந்திரமா' என்று மேடை போட்டார்கள். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் இதே வித்தைகளைக் காட்டி, காட்டிய கையோடு விளக்கமும் சொல்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சுண்டைக்காய் அளவு உருண்டை இருப்பது விரலிடுக்கில். சட்டைக் கையைத் தோள்வரை மடித்தாலும் அது அசையாது. அரைக்கைச் சட்டை போட்ட சாமியார் முழுக்கைக்காரரைவிட யோக்கியர் ஆகிவிட மாட்டார். கோவூரும் நரசிம்மையாவும் கேட்டது சட்டைக் கையை மடிக்கச் சொல்லி அன்று, சோதிக்கிறவர் குறிக்கிற இடத்தில், குறிக்கிற நேரத்தில், விரலை விரித்துக் காட்டிவிட்டுச் செய்யச் சொல்லி. மடிப்பதை ஆடுகிறவர் தன் விருப்பப்படி செய்கிறார். சோதனையைப் பார்க்கிறவர் நடத்துகிறார். இரண்டுக்கும் உள்ள தூரம் கம்பத்துக்கும் காசிக்கும் உள்ள தூரம்.

வித்தைக்காரர் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏமாற்றுவதாகச் சொல்லியே ஏமாற்றுகிறார். அவருடைய சட்டைக் கை அவர் சொந்த விஷயம், மடித்தாலும் விட்டாலும் கேட்க நமக்கு உரிமையில்லை. அடுத்த சித்திரையில் வீரபாண்டிக்குப் போகிறவர்கள் மேஜிக் கொட்டகையில் "கைக்குள்ள!" என்று கத்தாமல் உட்கார்ந்து பாருங்கள். வெளியே வந்த பிறகு யாராவது வெறுங்கையில் விபூதி வரவழைத்து, வீட்டுக் கஷ்டம் தீர ஐந்தாயிரம் கேட்டால், அங்கே கத்துங்கள். "கைய விரிங்க சாமி" என்று முதலில் கேளுங்கள், பணம் எடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.